களத்தில் ஓடிய கால்கள் கனவிலும் ஓடும்

காலையில் வார்டைச் சுற்றி வரும்போது நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இரவு நன்றாக உறங்கினீர்களா? பெரும்பாலோர் வலியைப் பற்றிச் சொல்வார்கள். கொசுவைப் பற்றியும் அடுத்த படுக்கையின் குறட்டையைப் பற்றியும் சொல்வார்கள். முழங்கால் லிகமென்ட் அறுந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட இளைஞர்களும் அவர்கள் அருகில் அமர்ந்திருக்கும் தாய்மார்களும் வேறொன்றைச் சொல்வதுண்டு. "கனவுல திரும்பவும் கால் மடங்கி விழுந்துட்டானாம், டாக்டர். இது ஏதாவது கெட்ட சகுனமா?"

திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இக்கேள்வி எழுவது இயல்பே. வாரம் முழுவதும் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கபடிக் களத்திலோ கைப்பந்துத் திடலிலோ கிரிக்கெட் மைதானத்திலோ இறங்கும் இளைஞர்கள் இங்கே பலர். அவர்களுக்கு விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு அன்று. ஊரில் அவர்களுக்குள்ள பெயரே அதில்தான் அடங்கியிருக்கிறது. அந்த விளையாட்டு காயத்தால் திடீரென நின்றுபோகும்போது, பகலில் நின்றது இரவில் தொடர்கிறது. அது ஏன் தொடர்கிறது, அதைக் கண்டு எப்போது அஞ்ச வேண்டியதில்லை, எப்போது மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

பகலின் தொடர்ச்சியே கனவு

நனவில் மனம் எதில் தோய்ந்திருக்கிறதோ அதுவே கனவில் வரும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். திருக்குறளின் காமத்துப்பாலில் 'கனவுநிலை உரைத்தல்' என்றே ஓர் அதிகாரம் உண்டு. பகலில் காணக் கிடைக்காத காதலனைத் தலைவி கனவில் காண்பதே அதன் பொருள். கனவு வருங்காலத்தை அறிவிக்கும் என்னும் நம்பிக்கையும் நம்மிடையே நெடுங்காலமாக உள்ளது. அறிவியல் ஆய்வுகள் முதற்கருத்தையே உறுதி செய்கின்றன. விழித்திருக்கையில் நம்முடைய செயல்கள், கவலைகள், உறவுகள் எவையோ அவற்றின் தொடர்ச்சியாகவே கனவு அமைகிறது என்பதை ஆய்வாளர்கள் 'தொடர்ச்சிக் கொள்கை' என்று அழைக்கின்றனர். அமெரிக்க உளவியலாளர் கால்வின் ஹால், ஆயிரக்கணக்கான கனவு விவரங்களைத் திரட்டி வகைப்படுத்தி இக்கருத்துக்கு அடித்தளம் இட்டார்.

ஆனால் பகலில் செய்வன எல்லாம் ஒரே அளவில் கனவில் வருவதில்லை. நாள்தோறும் பல மணி நேரம் படிப்பவர்களும் எழுதுபவர்களும்கூடப் படிப்பதையும் எழுதுவதையும் கணக்குப் போடுவதையும் கனவில் அரிதாகவே காண்கின்றனர் என்று எர்னஸ்ட் ஹார்ட்மன் 2000ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். உடலை முழுமையாக ஈடுபடுத்துவதும் உணர்ச்சியைக் கிளறுவதும் எளிதில் கனவுக்குள் நுழைகின்றன. விளையாட்டில் இவ்விரண்டும் உண்டு.

இதனை நேரடியாகச் சோதித்தவர்கள் ஜெர்மனியைச் சேர்ந்த டேனியல் எர்லாக்கர், மைக்கேல் ஷ்ரெடல் ஆகியோர். விளையாட்டுக் கல்வி பயிலும் மாணவர்களையும் உளவியல் பயிலும் மாணவர்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். 2008இல் வெளியான அவ்வாய்வின்படி, விளையாட்டு மாணவர்களின் கனவுகளில் விளையாட்டு கூடுதலாக இடம்பெற்றது. எனவே நாள்தோறும் மாலையில் கபடி ஆடியவர் கனவில் கோட்டைத் தொட ஓடுவதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

மறந்தவருக்கும் வந்த காட்சி

உறக்கம் கண்ணைத் தழுவும் அந்தச் சில நிமிடங்களில் பகலில் செய்த செயல் மீண்டும் கண்முன் ஓடுவதைப் பலரும் உணர்ந்திருப்பார்கள். நாளெல்லாம் நாற்று நட்டவருக்கு நாற்றுமுடியும், நெடுந்தூரம் பயணம் செய்தவருக்குச் சாலையும் தோன்றும். ராபர்ட் ஸ்டிக்கோல்ட் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதனை ஆய்வகத்தில் சோதித்தனர். மேலிருந்து கட்டங்கள் விழும் 'டெட்ரிஸ்' கணினி விளையாட்டை 27 பேரிடம் கொடுத்து, மூன்று நாட்களில் மொத்தம் ஏழு மணி நேரம் ஆடச் செய்தனர். அவர்களில் 17 பேர் உறக்கத்தின் தொடக்கத்தில் கட்டங்கள் விழும் காட்சியைக் கண்டதாகக் கூறினர். இவ்வாய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது.

அந்த 27 பேரில் ஐவர் மூளைப் பாதிப்பால் புதிய நினைவுகளைத் தக்கவைத்துக்கொள்ள இயலாதவர்கள். தாம் அந்த விளையாட்டை ஆடியதையே அவர்கள் நினைவில் கொண்டிருக்கவில்லை. ஆயினும் அவர்களிலும் மூவருக்குக் கட்டங்கள் விழும் காட்சி தோன்றியது. பயிற்சியின் சுவடு, 'நான் ஆடினேன்' என்னும் அறிவைச் சாராமலே மூளையின் வேறொரு தளத்தில் பதிகிறது என்பதே இதன் பொருள். பனிச்சறுக்கு விளையாட்டுப் பொறியைக் கொண்டு பின்னர் நடந்த ஆய்விலும் இதே போன்ற காட்சிகள் பதிவாயின.

எனினும் கனவு என்பது பகலின் ஒளிப்பதிவு அன்று. ஓர் ஆய்வில் திரட்டப்பட்ட 299 கனவு விவரங்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கில் அண்மை வாழ்வின் கூறுகள் காணப்பட்டன. ஆனால் நடந்த நிகழ்ச்சி நடந்தபடியே மீண்டது நூற்றில் ஒன்றிரண்டில் மட்டுமே. மூளை பகலின் துண்டுகளை எடுத்துப் பழைய நினைவுகளோடு கலந்து புதிதாகத் தைக்கிறது. அதனால்தான் தொழிற்சாலை மேற்பார்வையாளர் கபடியில் எதிரணிக்கு ஆடுகிறார். பள்ளி மைதானத்தில் மருத்துவமனைக் கட்டில் கிடக்கிறது. ஒரு நிகழ்ச்சி மறுநாள் இரவில் கனவில் வராமல், ஐந்து முதல் ஏழு நாள் கழித்து வருவதும் உண்டு. அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வாரம் கழித்து விபத்தைக் கனவில் கண்டால், 'இத்தனை நாள் இல்லாமல் இப்போது ஏன்?' என்று கலங்க வேண்டியதில்லை.

கனவில் ஓடியும் கால் அசையாதது ஏன்?

நம் உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக அமைகிறது. ஒவ்வொரு சுற்றின் இறுதியிலும் மூடிய இமைக்குள் விழிகள் விரைந்து அசையும் ஒரு நிலை வருகிறது. 1953இல் அசெரின்ஸ்கி, கிளைட்மன் ஆகியோர் அறிவித்த இந்நிலையை மருத்துவர்கள் 'ரெம்' உறக்கம் என்பார்கள். பெரியவர்களின் உறக்கத்தில் இது நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்றுக் குறைவு. தெளிவான, கதைபோல் நீளும் கனவுகள் மிகுதியாக வருவது இந்நிலையில்தான். முன்னிரவில் சில நிமிடங்களே நீடிக்கும் ரெம் உறக்கம், விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது.

இந்நிலையில் மூளைத்தண்டு நம் தசைகளைத் தளர்த்திக் கட்டிவைத்துவிடுகிறது. மூச்சுக்குரிய உதரவிதானமும் விழித் தசைகளும் மட்டுமே இக்கட்டுக்கு வெளியே இயங்குகின்றன. மூளை ஓட ஆணையிட்டாலும் கால் ஓடாது. எனவே, கனவில் ஓடினால் தையல் பிரிந்துவிடுமோ, பொருத்திய லிகமென்ட் அறுந்துவிடுமோ என்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. இந்தக் கட்டு அவிழ்ந்துபோகும் ஒரு நோய் உண்டு. அதைப் பின்னர் கூறுகிறோம்.

போட்டிக்கு முந்தைய இரவு

ஜெர்மனியில் பல்வேறு விளையாட்டுகளைச் சேர்ந்த 840 வீரர், வீராங்கனைகளிடம் எர்லாக்கர் குழுவினர் நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது. முந்தைய 12 மாதங்களில் முக்கியப் போட்டிக்கு முன்பு மனத்தை வருத்தும் கனவு ஒருமுறையேனும் வந்ததாகக் கூறியவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். தோற்றுப்போவதும் சரியாக ஆட இயலாமல் தடுமாறுவதும் அக்கனவுகளில் அடிக்கடி வந்தன. பொதுவாகவே கெட்ட கனவு காணும் இயல்புடையவர்களுக்கே இவை கூடுதலாக வந்தன. ஆகவே இத்தகைய கனவு தோல்விக்கு முன்னறிவிப்பு அன்று, அக்கறையின் அடையாளம்.

உறக்கமின்மைக்கும் இது பொருந்தும். 24 ஆண்டுகள் பன்னாட்டுக் கிரிக்கெட் ஆடிய சச்சின் டெண்டுல்கர், அவற்றில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் போட்டிக்கு முன்பு பதற்றத்தோடு போராடியதாகவும் பல இரவுகள் உறங்காமல் கழித்ததாகவும் 2021 மே மாதத்தில் ஒரு கலந்துரையாடலில் வெளிப்படையாகக் கூறினார். உறக்கம் வரவில்லையே என்று போராடுவதை விடுத்து, அதுவும் தம் ஆயத்தத்தின் ஒரு பகுதி என்று ஏற்றுக்கொண்ட பிறகே அமைதி கிட்டியது என்றார். தேநீர் போடுவது, துணிகளை இஸ்திரி போடுவது போன்ற சிறு வேலைகள் தமக்கு உதவின என்றும் சொன்னார். அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவில் கண்மூடாமல் கிடக்கும் நோயாளிக்கும் அவர் சொன்னது பொருந்தும்.

காயம் பட்டவரின் கனவு

பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் ஓரிரு இரவுகளில் ரெம் உறக்கம் பெரிதும் குறைந்துவிடுகிறது. உடலில் நிகழும் அழற்சி, வலி, வலுவான வலிநிவாரணிகள் ஆகியவை இதற்குக் காரணங்கள். அடுத்த சில இரவுகளில், இழந்ததை ஈடுகட்டுவதுபோல் ரெம் உறக்கம் மிகுதியாகத் திரும்பி வருகிறது. வலியால் இடையிடையே விழிப்பதால் கனவுகள் நினைவிலும் நிற்கின்றன. இக்காரணங்களால் மூன்றாம், நான்காம் நாளில் கனவுகள் தெளிவாகவும் அச்சமூட்டுவனவாகவும் வரக்கூடும். பெரும்பாலோருக்கு இவை நாளடைவில் அடங்கிவிடும்.

நோயாளிகள் எங்களிடம் தயங்கித் தயங்கிச் சொல்லும் கனவு மற்றொன்று. அதில் கால் மடங்குவதில்லை. கால் முழு நலத்தோடு இருக்கிறது. எதிரணியினர் நால்வரை ஏமாற்றிக் கோட்டைத் தொட்டுத் திரும்புகிறார். விழித்ததும் கட்டுப்போட்ட காலைக் காண்கிறார். கெட்ட கனவைவிட இந்த நல்ல கனவே கண்ணீரை வரவழைக்கிறது.

இது எவ்வளவு ஆழமானது என்பதை 2011இல் பிரான்சில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இரு கால்களும் செயலிழந்த 15 பேரின் கனவுகள் ஆறு வார காலம் பதிவு செய்யப்பட்டன. தண்டுவடக் காயத்தால் நடக்கும் ஆற்றலை இழந்த 10 பேரில் 9 பேர் கனவில் கால்களை அசைத்தனர். பிறவியிலேயே நடந்தறியாத ஐவரும்கூடக் கனவில் கால்களை இயக்கினர். நடப்பது, ஓடுவது, நடனமாடுவது, விளையாடுவது எல்லாம் அக்கனவுகளில் இருந்தன. உடல் இழந்ததை மூளை எளிதில் கைவிடுவதில்லை. இத்தகைய கனவு காண்பவர் தம் நிலையை ஏற்க மறுக்கிறார் என்று எண்ணிவிடக் கூடாது. அவரைக் கண்டிப்பதும் கேலி செய்வதும் தவறு. 'களத்துல நல்லா ஆடினியா?' என்று அன்போடு கேட்பதே போதும்.

அதே வேளையில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கனவில் கால் நன்றாக ஓடியதால் உண்மையிலும் ஆறிவிட்டது என்று கருதிச் சிலர் ஆறாம் மாதத்திலேயே களமிறங்க முனைகின்றனர். முழங்கால் லிகமென்ட் சீரமைப்புக்குப் பின் பொதுவாக ஒன்பது மாதங்களுக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். பிசியோதெரபி சோதனைகளில் இரு கால்களின் வலிமையும் ஏறத்தாழச் சமமாக இருக்கவும் வேண்டும். மனத்தின் அவசரத்துக்கு லிகமென்ட் இணங்காது.

ஷிப்ட் வேலையும் குறையும் உறக்கமும்

காலை ஷிப்டுக்காக விடியலுக்கு முன்பே எழுந்து ரயிலையோ கம்பெனிப் பேருந்தையோ பிடிப்பவர் இழப்பது, ரெம் உறக்கம் மிகுந்த அந்த இறுதிப் பகுதியையே. இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் படுப்பவரின் உறக்கம் வெளிச்சத்தாலும் வெயிலாலும் இரைச்சலாலும் துண்டுபடுகிறது. அத்தகைய வாரத்தின் முடிவில் நேராகப் போட்டிக் களத்தில் இறங்குவது காயத்தை வரவேற்பதற்கு ஒப்பாகும். பள்ளிப் பருவ விளையாட்டு வீரர்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், 8 மணி நேரத்துக்கும் குறைவாக உறங்கியவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.7 மடங்கு இருந்தது. மறுபுறம், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்கள் 11 பேர் சில வாரங்கள் இரவில் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கப் பழகியபோது, அவர்கள் கூடையில் பந்தெறியும் துல்லியம் 9 விழுக்காடு உயர்ந்தது. உறக்கமும் பயிற்சியின் ஒரு பகுதியே என்று எங்களிடம் வரும் இளைஞர்களுக்கு நாங்கள் வலியுறுத்துகிறோம்.

கனவில் உதைத்தால், கட்டிலும் அதிர்ந்தால்

ரெம் உறக்கத்தில் தசைகளைக் கட்டிவைக்கும் ஏற்பாடு சிலருக்குச் செயலிழந்துவிடுகிறது. அப்போது கனவில் செய்வதை உடலும் செய்துவிடுகிறது. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஷென்க், மஹோவால்ட் ஆகிய மருத்துவர்கள் 1986இல் இந்நோயை முறையாக விவரித்தனர். அவர்களிடம் வந்தவர்களுள் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவர். தாம் அமெரிக்கக் கால்பந்து ஆடுவதாகவும், எதிரணி வீரரை முட்டித் தள்ளுவதாகவும் கனவு கண்டு பாய்ந்தார். விழித்தபோது அவர் முட்டியிருந்தது படுக்கையறையின் மரச்சாமானை.

இது 'ரெம் உறக்க நடத்தைக் கோளாறு' எனப்படும். 50 வயதைக் கடந்த ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. சில மனச்சோர்வு மருந்துகளாலும் இது தூண்டப்படலாம். வேறு காரணமின்றித் தோன்றும்போது, பல ஆண்டுகளுக்குப் பின் வரக்கூடிய பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய்களின் முன்குறியாகவும் இது அமையலாம். எனவே வீட்டில் வயதானவர் ஒருவர் உறக்கத்தில் அடிக்கடி கத்தினாலோ, குத்தினாலோ, உதைத்தாலோ, கட்டிலிலிருந்து விழுந்தாலோ, 'வயசான காலத்துல ஏதோ கனவு' என்று சிரித்துக் கடந்துவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். அதற்குள் கூர்மையான பொருட்களையும் கண்ணாடியையும் படுக்கையருகிலிருந்து அகற்றுங்கள். தரையில் மெத்தை விரித்துப் படுக்கச் செய்யுங்கள். துணைவர் சில நாட்கள் தனிப் படுக்கையில் உறங்குவது நலம்.

குடும்பத்தார் செய்யத்தக்கவை

* கனவைச் சொல்லும்போது குறுக்கிடாமல் கேளுங்கள். சகுனம் பார்த்து நோயாளியின் அச்சத்தைப் பெருக்காதீர்கள்.
* ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்தால், பகலில் அதனை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு அதன் முடிவை அவர் விரும்பும் வகையில் மாற்றி எழுதட்டும். கால் மடங்கி விழுவதற்கு மாறாக, கோட்டைத் தொட்டுவிட்டு நின்று மூச்சு வாங்குவதாக இருக்கலாம். மாற்றிய கனவை நாள்தோறும் பத்து, இருபது நிமிடம் மனத்திற்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். கொடுங்கனவுகளுக்கு உறக்க மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைக்கும் முறை இது.
* மாலையில் வலி மருந்தை மருத்துவர் சொன்ன நேரத்தில் கொடுங்கள். வலியால் துண்டுபடும் உறக்கமே கெட்ட கனவுகளை மிகுதியாக நினைவில் நிறுத்துகிறது.
* உறக்கத்துக்காக மது அருந்த விடாதீர்கள். அது முன்னிரவில் ரெம் உறக்கத்தை அடக்கி, பின்னிரவில் கொந்தளிக்கச் செய்யும்.
* இரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் சில மருந்துகள் கனவுகளை மிகுவிக்கலாம். அவற்றை நீங்களாகவே நிறுத்தாதீர்கள், எங்களிடம் கூறுங்கள்.
* இரவு ஷிப்ட் பார்ப்பவருக்குப் பகலில் இருட்டான, அமைதியான அறையை ஒதுக்குங்கள். அந்நேரத்தில் விருந்தினரை அழைப்பதையும் சிறு வேலைகளுக்கு எழுப்புவதையும் தவிருங்கள்.

விபத்தைக் குறித்த கொடுங்கனவு ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலும், உறங்கவே அஞ்சும் நிலை வந்தாலும், விளையாட்டை இழந்த துயரத்தில் வாழ்வே வேண்டாம் என்னும் பேச்சு எழுந்தாலும் காலம் தாழ்த்தாதீர்கள். மனநல மருத்துவரை அணுகுங்கள். இந்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச உதவி எண் 14416இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

தமிழில் 'கனவு' என்னும் ஒரே சொல் இரவில் காண்பதையும் குறிக்கிறது; வாழ்வில் அடைய விரும்புவதையும் குறிக்கிறது. கட்டுப்போட்ட காலோடு படுத்திருக்கும் இளைஞருக்கு இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்தே வருகின்றன. அவருடைய தாய் எங்களிடம் கேட்ட கேள்விக்கு எங்கள் விடை இதுவே: அது சகுனம் அன்று. அவர் கால்கள் பல ஆண்டுகள் கற்ற ஆட்டத்தை மூளை இன்னும் மறக்கவில்லை. அந்த ஆட்டத்தைக் கால்கள் மீண்டும் ஆடும் நாள் வரும்வரை, நாளைக் காலைப் பிசியோதெரபிக்கு அவரை நேரத்தோடு அழைத்து வாருங்கள்.